பெயர் மறந்தவனும் பெயர் பறிக்கப்பட்டவனும்: கோர்ட் டௌனியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

சாகப்போகிற ஒரு கலைஞனை ஒரு தேசம் எப்படி வாசிக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள், கனடாவில் 2016 ஆகஸ்ட் 20 இரவு நடந்த கச்சேரியை ஒரு பிரதியாக எடுத்துக்கொள்ளலாம். 'த ட்ராஜிக்கலி ஹிப்' என்ற ராக் இசைக்குழு ஒன்டாரியோ மாகாணத்தின் கிங்ஸ்டன் நகரத்தில் 1984இல் தொடங்கப்பட்டது. அதன் பாடகரும் பாடலாசிரியருமான கோர்ட் டௌனிக்கு 2015 டிசம்பரில் மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. குணமாக்க முடியாத வகை. 2016 மே 24 அன்று குழு இதை வெளியே சொன்னது. அன்றே அவருடைய மருத்துவர் பத்திரிகையாளர்களைக் கூட்டி நோயைப் பற்றி விளக்கினார். கூடவே, நாடு முழுக்கச் சுற்றிக் கச்சேரி செய்யப்போவதாகவும் தெரிவிக்கப்பட்டது. ஜூலை 22 அன்று விக்டோரியாவில் தொடங்கிய சுற்று, சொந்த ஊரான கிங்ஸ்டனில் முடிந்தது.

அந்தக் கடைசிக் கச்சேரிக்காக சிபிசி தொலைக்காட்சி ரியோ ஒலிம்பிக் ஒளிபரப்பையே நிறுத்தி வைத்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம், ஒரு விளம்பரம்கூட இல்லை. 1 கோடியே 17 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு. அன்றைய மக்கள்தொகையில் மூன்றில் ஒருவர். ஊர் ஊராகச் சதுக்கங்களிலும் பூங்காக்களிலும் திரை கட்டிப் பார்த்தார்கள். பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ குழுவின் பெயர் போட்ட பனியனோடு அரங்கில் நின்றிருந்தார்.

தேசம் என்கிற கற்பிதம் செய்யப்பட்ட சமூகம், ஒரே நேரத்தில் ஒரே தினசரியைப் படிக்கிற முகமறியாத மனிதர்களால் உருவாகிறது என்று பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் எழுதினார். அன்று இரவு கனடியர்கள் ஒரே நேரத்தில் வாசித்தது ஒரு மனித உடலை. மினுமினுக்கும் தோல் உடையும் இறகு செருகிய தொப்பியும் போட்டுக்கொண்டு, பாட்டின் வரிகள் மறந்துபோகும் என்பதால் டெலிப்ராம்ப்டர்களை வைத்துக்கொண்டு பாடிய ஐம்பத்திரண்டு வயது உடல்.

'ஆளு செத்துக்கிட்டிருந்தப்போ பாடினது. அதுல போய் என்ன விமர்சனம் வேண்டிக்கிடக்கு?' என்று நண்பர்கள் கேட்கலாம். இந்தக் கேள்வியே ஆராயப்பட வேண்டியது. சாவு பக்கத்தில் இருந்தால் விமர்சனம் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்கிற இந்த இங்கிதம் யாருக்கு உதவுகிறது? டௌனிக்கு அது உதவியதாக எனக்குத் தெரியவில்லை. அந்த அரங்கில் இருந்த வேறு சிலருக்கு உதவியது.

2

முதலில் நோயை நோயாகவே பார்ப்போம். கிளியோபிளாஸ்டோமா என்பது மூளையின் நரம்புச் செல்களைத் தாங்கி நிற்கிற துணைச் செல்களிலிருந்து கிளம்புகிற கட்டி. சுற்றியுள்ள திசுவுக்குள் வேர்விட்டுப் பரவுவதால் அறுவை செய்து முழுதாக எடுத்துவிட முடியாது. அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சும் டெமோசோலோமைட் மருந்தும் கொடுப்பது 2005க்குப் பிறகு வழக்கமான சிகிச்சையானது. அந்தச் சிகிச்சையிலும் பாதிப் பேர் சுமார் 15 மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். டௌனி 22 மாதம் இருந்தார். கட்டி இருந்த இடம் மூளையின் இடது பொட்டுப் பகுதி. சொல்லுக்கும் நினைவுக்கும் ஆதாரமான இடம் அது. 2016 அக்டோபரில் சிபிசியின் பீட்டர் மான்ஸ்பிரிட்ஜுக்குப் பேட்டி கொடுத்தபோது, எதிரே உட்கார்ந்திருப்பவரின் பெயர் மறந்துவிடும் என்று தன் கையில் எழுதி வைத்திருந்தார். தன் பிள்ளைகளின் பெயர்களே சில சமயம் வருவதில்லை என்றும் சொன்னார்.

இந்த இடத்தில் நோய் உருவகமாக மாறத் தொடங்குகிறது. 1978இல் 'நோய் ஓர் உருவகமாக' நூலில் சூசன் சொன்டாக் சொன்னது இதைத்தான். காசநோயை மென்மனத்தின் நோயாகவும் புற்றுநோயை அடக்கி வைத்த ஆசையின் நோயாகவும் ஆக்கி, நோயாளியின் தலையில் அர்த்தத்தைச் சுமத்துகிறோம். எழுதும்போது அவரே புற்றுநோய்க்கு ஆளானவர். நூலில் தன் கதையைச் சொல்லவில்லை. டௌனி விஷயத்தில் இரண்டு உருவகங்கள் உடனடியாகக் கிடைத்தன. ஒன்று போர்: நோயோடு போராடுகிறார், சாவைச் சவாலுக்கு அழைக்கிறார். மற்றது நினைவு: தேசத்தின் நினைவைப் பாட்டாக்கியவன் தன் நினைவை இழக்கிறான். இரண்டாவது அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால்தான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பொட்டுப் பகுதியில் கட்டி வந்த ஒரு தச்சருக்கும் இதேபோலப் பெயர் மறக்கும். அவர் எந்தத் தேசத்தின் நினைவுக்கும் உருவகம் ஆகமாட்டார்.

நேர் எதிரான வாசிப்பும் வரலாற்றில் உண்டு. 1937 பிப்ரவரியில் ஜார்ஜ் கெர்ஷ்வின் லாஸ் ஏஞ்சல்ஸ் மேடையில் தன் சொந்தப் படைப்பையே வாசிக்கும்போது தடுமாறினார். ரப்பர் எரிகிற நாற்றம் அடிக்கிறது என்றார். கலைஞன், மனஉளைச்சல் என்று பேசிக்கொண்டார்கள். ஜூனில் மருத்துவமனையில் பார்த்துவிட்டு, ஹிஸ்டீரியாவாக இருக்கலாம் என்று குறித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூலை 11 அன்று 38 வயதில் மூளைக் கட்டியால் செத்துப்போனார். அங்கே கலைஞனின் மனம் என்ற கதை, உடல் கொடுத்த அறிகுறியை மறைத்தது. இங்கே, கட்டி தெளிவாகத் தெரிந்த பிறகு, அந்தக் கட்டி கலைஞனின் படைப்பை மறைக்கிறது. இரண்டிலும் உடலுக்கும் படைப்புக்கும் நடுவில் ஏற்கனவே தயாராக இருந்த ஒரு கதையாடல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

3

'மேன் மெஷின் போயம்' இசைத்தொகுப்பு 2016 ஜூன் 17 அன்று, அதாவது நோய் அறிவிக்கப்பட்டு மூன்று வாரம் கழித்து, வெளியானது. கேட்டவர்கள் பாட்டுக்குப் பாட்டு மரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் தொகுப்பு நோய் தெரிவதற்கு முன்பே முடிக்கப்பட்டது. பிறகு 2016 அக்டோபர் 18 அன்று 'சீக்ரெட் பாத்' வந்தது. இதைச் சாகிறவனின் உயில் என்றே எல்லாரும் வாசித்தார்கள். பத்துக் கவிதைகளாக எழுதப்பட்டு, 2013இன் இறுதியில் பதிவு தொடங்கப்பட்ட படைப்பு இது. நோய் தெரிவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால். வெளியீட்டு வரிசை வேறு, படைப்பு வரிசை வேறு. வாசகர்கள் வெளியீட்டு வரிசையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாழ்க்கைக் கதையைக் கட்டிவிட்டார்கள்: சாவு வந்தது, ஞானம் பிறந்தது, ஒடுக்கப்பட்டவனைப் பற்றிப் பாடினான்.

ரோலான் பார்த் ஆசிரியனின் மரணத்தை 1967இல் அறிவித்தார். நம் சிறுபத்திரிகைகளில் அதைப் பற்றி எவ்வளவோ எழுதித் தள்ளியிருக்கிறோம். ஆசிரியன் நிஜமாகவே சாகும்போது என்ன நடக்கிறது? அவன் முன்பைவிட வலுவோடு பிரதிக்குள் திரும்பி வருகிறான். ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்லும் இறுதி அதிகாரமாக அவனுடைய எக்ஸ்ரே படம் மாறிவிடுகிறது. வாசகனின் பிறப்பு தள்ளிப்போகிறது.

டௌனியின் பழைய பாட்டுகளைக் கேட்டால் இந்த ஞானோதயக் கதை நிற்காது. 1992இல் வந்த 'ஃபுல்லி கம்ப்ளீட்லி' தொகுப்பில் 'வீட் கிங்ஸ்' என்றொரு பாட்டு. செய்யாத கொலைக்காக 1970இல் தண்டிக்கப்பட்டு 1992 வரை சிறையில் கிடந்த டேவிட் மில்கார்டைப் பற்றியது. அதே தொகுப்பின் 'ஃபிஃப்டி மிஷன் கேப்' 1951இல் டொரன்டோ அணிக்குக் கோப்பை வாங்கித்தந்த கோலை அடித்துவிட்டு அந்தக் கோடையில் விமானத்தோடு காணாமல்போன ஹாக்கி ஆட்டக்காரர் பில் பாரில்கோவைப் பற்றியது. உடல் கிடைத்தது 1962இல். தொலைந்துபோனவர்களின் பெயரைப் பாட்டுக்குள் கொண்டுவந்து வைப்பது இவருடைய நெடுநாள் வேலை. அதைக் கற்றுக்கொள்ள அவருக்குக் கட்டி தேவைப்படவில்லை.

கட்டி மாற்றியது அவருடைய பாட்டை அல்ல. மற்றவர்களின் காதை. சாகிற மனிதனின் வாயிலிருந்து வருகிற சொல்லுக்கு ஒரு தனி அதிகாரம் வந்துவிடுகிறது என்று வால்டர் பெஞ்சமின் 1936இல் 'கதைசொல்லி' கட்டுரையில் சொல்கிறார். நவீன சமூகம் சாவைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளியதும் கதைசொல்லும் கலை தேய்ந்தது என்பது அவர் வாதம். கிங்ஸ்டன் அரங்கில் சாவு மறுபடி பொதுவெளிக்கு வந்தது. கூடவே அந்த அதிகாரமும் வந்தது. அந்த அதிகாரத்தை டௌனி எதற்குச் செலவழித்தார் என்பதைத்தான் விமர்சனம் பார்க்க வேண்டும்.

4

அவர் செலவழித்தது ஒரு சிறுவனுக்காக. சேனி வென்ஜாக் 1954இல் பிறந்த அனிஷினாபே பூர்வகுடிப் பையன். ஊர் வட ஒன்டாரியோவில் மார்ட்டன் ஃபால்ஸ் ஒதுக்கிடத்தைச் சேர்ந்த ஒகோகி. கெனோரா நகரத்துக்குப் பக்கத்தில் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை அரசுப் பணத்தில் நடத்திய செசிலியா ஜெஃப்ரி உறைவிடப் பள்ளியில் இருந்தான். அங்கே அவனுக்கு 'சார்லி' என்று பெயர் வைத்தார்கள். 1966 அக்டோபர் 16 அன்று இன்னும் இரண்டு பையன்களோடு பள்ளியை விட்டு ஓடினான். பிறகு தனியாக ரயில் பாதையோரமாக நடந்தான். வீடு 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. மெல்லிய பருத்திச் சட்டைதான் குளிருக்கு. அக்டோபர் 23 அன்று தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிணமாகக் கிடைத்தான். பையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, அதில் சில தீக்குச்சிகள். வயது பன்னிரண்டு.

கனடாவின் உறைவிடப் பள்ளிகளுக்குள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூர்வகுடிக் குழந்தைகள் கொண்டுபோகப்பட்டார்கள். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களின் நடுவில்தான். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் தன் அறிக்கையில் குறைந்தது 3,200 சாவுகளைக் கணக்கிட்டது. முழுக் கணக்கு இதைவிடப் பெரியது என்றும் சொன்னது. வென்ஜாக் அவர்களில் ஒருவன். 1967 பிப்ரவரியில் 'மெக்லீன்ஸ்' இதழில் இயன் ஆடம்ஸ் எழுதியதால் அவன் பெயர் வெளியே தெரிந்தது. அதுவும் அந்தத் திணிக்கப்பட்ட பெயரில்.

கதை இதோடு முடியவில்லை. மிக்மாக் மரபில் வந்த பாடகர் வில்லி டன், 1968இல் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக 'க்ரோஃபுட்' பற்றிய பாட்டுப்படத்தை எடுத்தவர், 1970களின் தொடக்கத்திலேயே வென்ஜாக்கைப் பற்றிப் பாடிப் பதிவு செய்துவிட்டார். ஒரு கிட்டார், தட்டையான குரல், நேரடியான கதை. நாடு ஒலிம்பிக்கை நிறுத்தவில்லை. எந்தச் சதுக்கத்திலும் திரை கட்டவில்லை. டன் 2013இல் இறந்தார். அதே ஆண்டு இறுதியில்தான் டௌனி தன் பதிவைத் தொடங்கினார். எந்தச் சாவு துக்கத்துக்குரியது, எது வெறும் எண்ணிக்கை என்பதை அதிகாரம் முன்கூட்டியே பிரித்து வைத்திருக்கிறது என்று ஜூடித் பட்லர் எழுதினார். அதோடு இன்னொன்றையும் சேர்க்கலாம்: எந்தத் துக்கத்தை யார் பாடினால் காதில் விழும் என்பதும் முன்கூட்டியே பிரிக்கப்பட்டிருக்கிறது. பூர்வகுடிச் சிறுவனின் சாவு தேசத்தின் காதில் விழ, சாகிற ஒரு வெள்ளைக்காரனின் வாய் தேவைப்பட்டது. இதை டௌனியின் குற்றமாக நான் சொல்லவில்லை. ஆனால் அவருடைய வெற்றியைக் கொண்டாடும்போது இந்த ஏற்பாட்டையும் சேர்த்துக் கொண்டாடுகிறோம் என்பது தெரிய வேண்டும்.

'சீக்ரெட் பாத்' பாட்டுகளில் பேசுவது அந்தச் சிறுவன். 'நான்' என்று பேசுகிறான். தலித் அல்லாதவர் தலித்தின் 'நான்' ஆகப் பேசலாமா என்று 1990களில் நாம் நடத்திய விவாதம் இங்கே அப்படியே பொருந்தும். 'அனுபவம் இல்லாதவன் எழுதக் கூடாது' என்று ஒரே போடாகப் போட்டு முடித்துவிட மாட்டேன். பிரதியைப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வருகிற சின்ன இசைத்துணுக்குகள், நடக்கிற வேகத்தில் நகர்கிற தாளம். சோகத்தை ஊதிப் பெருக்குகிற வாத்தியக் கூட்டம் இல்லை. ஜெஃப் லெமீர் வரைந்த சித்திர நூலில் உரையாடல் இல்லை. சிறுவன் தியாகி ஆக்கப்படவில்லை. குளிர்கிறது, பசிக்கிறது, வீட்டு ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். எட்டாவது பாட்டின் தலைப்பு பேயாகப் பிடித்து ஆட்டும்படி மூன்று முறை கட்டளை இடுகிறது. நல்லிணக்கம் அங்கே கேட்கப்படவில்லை. வெளியீட்டுக்கு முன்பு டௌனி ஒகோகிக்கே போய்ச் சேனியின் சகோதரிகளைச் சந்தித்தார். இதழில் வந்த 'சார்லி' மறுபடி 'சேனி' ஆனது இந்தப் படைப்பின் பெரிய காரியம்.

5

படைப்பில் இருந்த இந்தக் கூர்மை மேடைப் பேச்சில் இல்லை. கிங்ஸ்டன் கச்சேரியின் நடுவில் டௌனி பிரதமரைப் பெயர் சொல்லி அழைத்தார். வடக்கில் வாழும் பூர்வகுடிகளின் நிலைமை சரியில்லை, அவர்களைக் கவனிக்காமல் இருக்கவே நமக்கு வாழ்நாள் முழுக்கப் பயிற்சி தரப்பட்டிருக்கிறது என்றார். கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் ஆட்சித் தலைவரை நேருக்கு நேர் பொறுப்பாளி ஆக்கியது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அதே மூச்சில், இவர் சரி செய்துவிடுவார், நாம் நல்ல கையில் இருக்கிறோம் என்ற பொருளிலும் பேசினார். குற்றச்சாட்டு, நற்சான்றிதழாகப் பாதியிலேயே உருமாறியது. சாகிறவன் கொடுத்த சான்றிதழ் என்பதால் யாரும் அதைக் கேள்வி கேட்க முடியவில்லை. பெஞ்சமின் சொன்ன அதிகாரம் இடம் மாறி ட்ரூடோவின் சட்டைப்பைக்குள் போனது இப்படித்தான்.

2017 அக்டோபர் 17 அன்று டௌனி 53 வயதில் இறந்தார். மறுநாள் ட்ரூடோ காமிராக்களுக்கு முன்னால் அழுதார். புறத்திணையில் கையறுநிலை என்றொரு துறை உண்டு. தலைவன் சாக, அவனை நம்பியிருந்த புலவன் புலம்புவது. இங்கே பாணனின் சாவுக்குத் தலைவன் புலம்புகிறான். அந்த அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. கையறுநிலைப் புலவனிடம் அதிகாரம் இல்லை, அதனால் கை அற்றுப்போகிறான். ஆட்சியில் இருக்கிறவனுக்குக் கை உண்டு. பூர்வகுடி ஊர்களில் நெடுநாளாக நீடிக்கும் குடிநீர் எச்சரிக்கைகளை எல்லாம் 2021 மார்ச்சுக்குள் நீக்குவதாக 2015இல் வாக்குக் கொடுத்தவர் அவர். கெடு கடந்தது. வட ஒன்டாரியோவின் நெஸ்கன்டாகாவில் 1995 முதல் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க முடியாது. கெடு கடந்த பிறகும் அந்த நிலை மாறவில்லை.

என் வாதத்தின் மையம் இதுதான். இரண்டு சாவுகள் இங்கே அடுத்தடுத்து வைக்கப்பட்டன. கட்டி ஒருவனுடைய நினைவிலிருந்து பெயர்களை எடுத்துக்கொண்டது. பள்ளி இன்னொருவனிடமிருந்து அவன் பெயரையே எடுத்துக்கொண்டது. இந்த ஒப்புமை கவர்ச்சியானது. பத்திரிகைகள் இதை விட்டுவைக்கவில்லை. இருவர் நினைவுக்குமாகச் சேர்த்து அக்டோபரில் ஒரு வாரமே ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனால் கட்டிக்குக் குற்றவாளி கிடையாது. பள்ளிக்கு உண்டு: சட்டம் இயற்றியவர்கள், பணம் ஒதுக்கியவர்கள், பெயரை மாற்றிப் பதிவேட்டில் எழுதியவர்கள். குற்றவாளி இல்லாத சாவுக்கு எல்லாரும் சேர்ந்து அழலாம். அதில் யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. அந்தப் பொது அழுகைக்குள் குற்றவாளி உள்ள சாவையும் கொண்டுவந்து கரைத்துவிட்டால், சேனி வென்ஜாக்கும் ஏதோ தீராத வியாதியில் போய்ச் சேர்ந்தவன்போல ஆகிவிடுகிறான். 'காலனியம் ஒரு புற்றுநோய்' என்று நம்மவர்களும் எழுதுவதுண்டு. சொன்டாக் எச்சரித்தது இதன் ஒரு பாதியை, அதாவது இப்படிப்பட்ட உருவகம் நோயாளிக்குச் செய்யும் அநீதியை. மறுபாதி, அது குற்றத்துக்குச் செய்யும் உபகாரம். அரசின் கொள்கை முடிவு இயற்கை நிகழ்வாகிவிடுகிறது.

இது தொலைதூர விவகாரமும் அல்ல. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து துரத்தப்பட்டுப் போனவர்களில் பெருந்தொகையினர் வாழ்வது டௌனி வாழ்ந்து மறைந்த அதே டொரன்டோவில். ஆணையத்தின் 94 பரிந்துரைகளில் கடைசியை ஏற்று, 2021இல் கனடியக் குடியுரிமை உறுதிமொழி திருத்தப்பட்டது. பூர்வகுடிகளின் ஒப்பந்த உரிமைகளை மதிப்பதாகப் புதிய குடிமக்கள் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர்கள் மாற்றப்படுவதன் வலி தெரிந்த ஒருவன் இன்னொருவரின் ஊர் பிடுங்கப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு அந்த வாசகத்தைச் சொல்கிறான். புலம்பெயர் இலக்கியம் இந்த இடத்தில் இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

6

டௌனி நோய் தெரிந்த பிறகு செய்த படைப்பு என்று கறாராகச் சொல்லக்கூடியவற்றில் ஒன்று 'இன்ட்ரொட்யூஸ் யெர்செல்ஃப்'. 2016 ஜனவரியிலும் 2017 பிப்ரவரியிலும் சில நாட்களில் பதிவு செய்யப்பட்டு, அவர் இறந்து பத்து நாள் கழித்து அக்டோபர் 27 அன்று வெளியானது. 23 பாட்டுகள். ஒவ்வொன்றும் அவர் வாழ்க்கையில் வந்த ஒரு மனிதரைப் பற்றியது. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுச் சத்தம் காட்டாமல் அறையை விட்டு வெளியே வருவது, சகோதரனோடு ஹாக்கி பார்ப்பது, முதல் காதலி. பல பாட்டுகள் முதல் முறை பாடியபடியே விடப்பட்டவை. குரல் சில இடங்களில் பேச்சாகவே நின்றுவிடுகிறது.

இந்தத் தொகுப்பு பற்றி உரிய விமர்சனம் வரவில்லை என்பது என் எண்ணம். இரங்கலோடு இரங்கலாக அதுவும் போய்விட்டது. எல்லாப் பாட்டும் சமமான தரம் இல்லை. சிலவற்றில் இசை வெறும் பின்னணியாகத் தேங்கிவிடுகிறது, 23 என்பது அதிகம். ஆனால் நல்லவை நல்லவையாக இருப்பதற்குக் காரணம் அவற்றில் உருவகம் இல்லாததுதான். தேசம் இல்லை, போர் இல்லை, சாவு என்ற சொல்லைச் சுற்றிக் கட்டிய தத்துவமும் இல்லை. 'சீக்ரெட் பாத்' இன்னொருவனின் 'நான்' ஆகப் பேசியது. இங்கே பேச்சு 'நீ' என்பதை நோக்கித் திரும்புகிறது. பெயர் மறந்துகொண்டிருந்த மனிதன், ஆளுக்கு ஒரு பாட்டாக அடுக்கி வைத்திருக்கிறான். சாகிறவனை உருவகமாக்கிய தேசத்துக்கு, உருவகமே இல்லாமல் பதில் சொல்லியிருக்கிறான் என்று நான் இதை வாசிக்கிறேன்.

இன்னொரு வழியும் இருந்தது. 'ரஷ்' குழுவின் தாளக்காரரும் அதன் பாட்டுகளை எழுதியவருமான நீல் பேர்ட், இவரும் ஒன்டாரியோக்காரர், டௌனிக்கு வந்த அதே வகைக் கட்டிக்கு ஆளானார். 2016 ஆகஸ்டில், அதாவது கிங்ஸ்டன் கச்சேரி நடந்த அதே மாதத்தில், தெரிந்தது. மூன்றரை ஆண்டுகள் நெருங்கியவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. 2020 ஜனவரி 7 அன்று செத்து, மூன்று நாள் கழித்துத்தான் உலகத்துக்குச் செய்தி வந்தது. 1997இல் மகளையும் 1998இல் மனைவியையும் பறிகொடுத்து, அந்தத் துயரத்தைப் பற்றிப் புத்தகமே எழுதியவர், தன் சாவைப் பிரதியாக்க மறுத்துவிட்டார். ஆகவே அவர் பாட்டுகளைக் கட்டியை வைத்துப் பின்னோக்கி வாசிக்கிற வேலை நடக்கவில்லை. மௌனமும் ஒரு விமர்சனம்தான்.

டௌனி மௌனமாக இருந்திருந்தால் சேனியின் பெயர் இவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்காது. ஆகவே இரண்டில் எது உயர்ந்தது என்ற பட்டிமன்றம் வேண்டாம். 2016 டிசம்பரில் பூர்வகுடிகளின் தேசியப் பேரவை டௌனிக்கு ஒரு லகோட்டா பெயரைச் சூட்டியது. நட்சத்திரங்களுக்கு நடுவே நடப்பவன் என்று பொருள். பெயர் பறிக்கப்பட்டவர்களின் சமூகம், பெயர்களை மறந்துகொண்டிருந்தவனுக்கு ஒரு பெயரைக் கொடுத்தது. அது அவர்களுடைய பெருந்தன்மை. அதை மன்னிப்புச் சீட்டாக அரசும், தங்கள் அலுவலகங்களில் இருவர் பெயரிலும் இடம் ஒதுக்கித் திருப்திப்படும் நிறுவனங்களும் வாசிப்பதை அனுமதிக்கக் கூடாது. விமர்சனம் செய்ய வேண்டியது இரண்டு சாவுகளையும் பிரித்து வைப்பது. டௌனிக்காக அழுகிறவர்கள் அழட்டும். வென்ஜாக்குக்காக அழுவதோடு முடித்துக்கொள்ள முடியாது. அங்கே பெயர்ப் பட்டியல் ஒன்று பாக்கி இருக்கிறது: இந்த முறை செத்தவர்களின் பட்டியல் அல்ல, பொறுப்பானவர்களின் பட்டியல்.